தன் வீட்டு மணியை அடிப்பவர்

பின்கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, சுவரோரச் சந்தில் ஒருக்களித்து நடந்து வாசலுக்கு வருகிறார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொள்கிறார். தொண்டையைச் செருமிக்கொள்கிறார். பிறகு தன் வீட்டு அழைப்பு மணியைத் தானே அடிக்கிறார்.

உள்ளே செருப்பு தேயும் சத்தம். கதவு திறக்கிறது.

"வந்துட்டீங்களா?" என்கிறார் மனைவி, குரலைத் தாழ்த்தி. "உள்ள ஒருத்தர் இருந்தார். உங்க நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு. இப்பதான் போனார்."

"போயிட்டார்ல? விடு. நான் வந்துட்டேன்ல" என்று செருப்பைக் கழற்றுகிறார் கணவர். அதே நீலச் சட்டையோடுதான் நிற்கிறார்.

தெருவில் அவருக்குப் பெயர் ஃபிரிட்ஜ்காரர். குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், எது நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்ததும் பெட்டியைக் கழற்ற மாட்டார். அதன் விலாவில் காதை ஒட்டிவைத்து, கண்ணை மூடி, வீட்டாரைப் பேசாமலிருக்கச் சொல்லி ஒற்றை விரலைத் தூக்குவார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். "சொல்லுது, சொல்லுது" என்பார். வேலை செய்யும்போது திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கத்தால், மழை வரும்போல என்பதைக்கூட ரகசியம் போலத்தான் சொல்வார்.

அவர் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். அவர் மனைவி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காசோலையில் உள்ள கையெழுத்தையும் வங்கியிலிருக்கும் மாதிரிக் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வேலை. ஒரு சுழி மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

ஒரு மதியம் அந்த அம்மா மாடியேறி வந்து என் கதவைத் தட்டினார். "கொஞ்சம் கீழ வர்றீங்களா? வீட்ல ஒரு ஆள் உக்காந்திருக்கார். அவர் மாதிரியே இருக்கார். ஆனா அவர் இல்ல." குழாய் ஒழுகுகிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார், முகத்தில் பதற்றமே இல்லை.

இறங்கிப் போனேன். ஃபிரிட்ஜ்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் காதோரம் சொன்னார்: "கையைப் பாருங்க. அவர் இடது கையாலதான் டம்ளர் பிடிப்பார்." டம்ளர் வலது கையில் இருந்தது. சில நாள் முன்பு அவருக்கு இடது தோள் சுளுக்கிக்கொண்டது எனக்குத் தெரியும். தெரிந்தும், சந்தேகமே இல்லாத ஒரு முகத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் ஒரு கணம் அந்த முகத்துக்குப் பொருந்தாதது போலிருந்தது.

மறதி நோய் என்றார் டாக்டர். நெருங்கியவரின் முகம் தெரியும், ஆனால் அது அவர்தான் என்ற நம்பிக்கை மட்டும் வராது. சிலருக்கு அப்படியும் ஆகும் என்றார். ஃபிரிட்ஜ்காரர் என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "ஆயுசு முழுக்கக் கையெழுத்துப் பார்த்தவ தம்பி. கடைசியில என்னையே செல்லாதுன்னு திருப்பி அனுப்பிட்டா." சந்து வழியாகச் சுற்றிவந்து மணியடிக்கும் வழக்கம் அப்போது பிறந்ததுதான். வெளியே போனவர் திரும்பி வந்தால் அவர் கணவர். வீட்டுக்குள்ளேயே இருப்பவர் வேறு ஆள்.

எல்லா நாளும் அது பலிக்கவில்லை. ஒருநாள் அந்த அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டுச் சமையலறையை உள்பக்கம் தாழ்போட்டுக்கொண்டார். கையில் கத்தி. "என் வீட்டுக்காரரை என்ன பண்ணீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சத்தம் கேட்டு நானும் இறங்கி ஓடினேன்.

"நான்தாம்மா. கதவைத் திற" என்றார் ஃபிரிட்ஜ்காரர்.

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து, இதுவரை நான் கேட்டிராத ஒரு மெல்லிய குரலில் கேட்டார்: "அவர் குரலையும் எடுத்துக்கிட்டீங்களா?"

ஜன்னல் வழியாக உள்ளே இறங்கி அடுப்பை அணைத்த ஃபிரிட்ஜ்காரருக்கு, கத்தி பட்டு உள்ளங்கையில் தையல் போட வேண்டியிருந்தது.

வெளியூரிலிருந்து மகள் வந்தாள். மூவரும் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. மாத்திரை மறதியைக் குணப்படுத்தாது. பயத்தையும் ஆவேசத்தையும் அடக்கக்கூடும். இந்த வயதில் கீழே விழுவது, பக்கவாதம், உயிருக்கே ஆபத்து என்று அதற்கு வேறு முகமும் உண்டு. குறைந்த அளவில் தொடங்கி, பார்த்து நிறுத்திவிட வேண்டும். "குடுங்க டாக்டர்" என்றாள் மகள். ஃபிரிட்ஜ்காரர் தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

மாத்திரையைப் பொடித்து, மசித்த வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தார். அந்நியர் கொடுத்தால் அந்த அம்மா வாயைத் திறக்க மாட்டார். அதனால் அதற்கும் சந்து வழியாகச் சுற்றிவந்து மணியடிக்க வேண்டியிருந்தது. "நான் நானா வந்து குடுத்தாத்தான் நம்பி வாங்கிக்கிறா. அதான் தம்பி உறுத்துது" என்றார்.

வீடு அமைதியாயிற்று. பார்க்க வந்த உறவுக்காரர்கள், "தங்கமா இருக்காங்களே" என்றார்கள். நானும் பார்த்தேன். உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் ஈ நடந்தது, கை எழவில்லை. ஊட்டிய கரண்டியை உதடு கவ்வியபடியே இருந்தது. தொலைக்காட்சியை அணைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கேட்டாலும், "ம்."

ஒரு சாயங்காலம் ஃபிரிட்ஜ்காரர் பழக்கதோஷத்தில் மணியடித்துவிட்டு வாசலில் நின்றார். மேலிருந்து பார்த்தேன். செருப்புச் சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை அடித்தார். பிறகு வந்த வழியே சந்துக்குள் திரும்பிப் போனார்.

மறுநாள் சொன்னார்: "அந்த மாத்திரை ரெண்டு பேரையும் துரத்திடுச்சு தம்பி. அந்த ஆளையும் காணோம். என்னையும் காணோம்."

ஒருநாள் அவரே ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அவளுக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமாம். வாடிக்கையாளர் வீட்டில் பெட்டியின் மேல் காதை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "சத்தம் கேக்குது. ஆனா எதுவும் சொல்லல. பசிக்குது, ஆனா வேற யாருக்கோ பசிக்கிற மாதிரி இருக்கு." அந்த வீட்டார்தான் அவரைக் கொண்டுவந்து விட்டார்கள். டாக்டர் நன்றாகத் திட்டினார். "உங்க உடம்பு வேற, அவங்க உடம்பு வேற. நீங்களும் படுத்துட்டா யார் பார்க்கறது?"

அந்த அம்மா கட்டிலருகே விழுந்தது அதற்குப் பிறகு. முகத்தில் பாதி கறுத்துக் கன்றிப்போயிருந்தது. டாக்டர் அவர் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பழைய கீல் போல விட்டுவிட்டு மடங்கியது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம் என்றார். சில வீடுகளில் அது இல்லாமல் முடியாது என்பதையும், இங்கும் மறுபடி தேவைப்படலாம் என்பதையும் சொன்னார்.

மகள் தொலைபேசியில் அழுதாள். "மறுபடியும் கத்தியோட நின்னா என்னப்பா பண்ணுவீங்க?"

"நிக்கறது உங்கம்மாவா இருப்பாள்ல" என்றார்.

உள்தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றினார். கத்திகள் என் வீட்டுக்கு வந்தன. அடுப்புத் திருகுகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வாரங்கள் போயின. ஒரு காலை, மாடிப்படியில் தடதடவென்று ஏறிவந்தார். மூச்சு வாங்கியது. ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எழுந்தேன். அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். "கேட்டுட்டா தம்பி. என்னைப் பார்த்து, நீங்க யாருன்னு கேட்டுட்டா."

எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த அம்மா அழும் நாள் உண்டு. அடிக்கும் நாளும் உண்டு. ஃபிரிட்ஜ்காரரின் முழங்கையில் நகக்கீறல்கள் ஆறுவதும் புதிதாக வருவதுமாக இருக்கின்றன. ஆனால் செருப்புச் சத்தம் கேட்கிறது.

போன வாரம் தண்ணீர்த் தொட்டி விஷயமாகக் கீழே போனேன். அவர் தன் வீட்டு நாற்காலியின் நுனியில், முழங்கால்களைச் சேர்த்துவைத்து, பெண் பார்க்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். எழப்போனவரை அந்த அம்மா கையமர்த்தினார்.

"உக்காருங்க. நீங்க நல்லவராத்தான் தெரியறீங்க. அவர்தான் இன்னும் வரல." கொஞ்சம் யோசித்தார். "அந்த ஜன்னல்ல நின்னு பார்த்துச் சொல்றீங்களா? உயரமா இருப்பார். லேசா ஒருபக்கம் சாஞ்சு நடப்பார்."

"பார்க்கறேம்மா."

அவர் எழுந்து, லேசாக ஒருபக்கம் சாய்ந்து நடந்துபோய், திரையை விலக்கினார். கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு தெருவின் அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். பிறகு, கண்ணுக்கு மேலே கையைக் குடைபிடித்து, இந்தக் கோடியைப் பார்த்தார்.