ஆனந்தகுமாரின் இரண்டு பொத்தான்கள்

என் மச்சான் ஆனந்தகுமார், அதாவது என் மனைவி துர்காதேவியின் அண்ணன், பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறிக்கு ஜக்கார்டு அட்டையில் துளை குத்தி வளர்ந்தவர். சேலையில் மயில் வருவதா யாளி வருவதா என்பதை அந்த அட்டைதான் முடிவு செய்யும். துளை இருக்கும் இடத்தில் இழை மேலே எழும், இல்லாத இடத்தில் கிடந்தபடி கிடக்கும். கைவேலை சுத்தமான ஆள். ஊரோடு இருந்திருந்தால் நன்றாகவே பிழைத்திருப்பார். யார் சொல்லிக் கேட்டார்? வாலிபத்திலேயே ஜாம்பியாவுக்கு விமானம் ஏறி, என்டோலாவில் ஒரு துணி ஆலையில் சேர்ந்து, முலெங்கா என்ற, பெம்பா மொழி பேசும் பெண்ணையும் கட்டிக்கொண்டார். உறவுக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். நான் மட்டும் பேசவில்லை என்று சொன்னால் துர்காவே சிரிப்பாள்.

போன வருஷம் தொண்டையில் புற்று வந்தது. சென்னையில் காட்டலாம் என்று தனியாக வந்தார். முலெங்காவுக்குச் சர்க்கரையில் பார்வை போய்விட்டதால் அவள் மகள் சந்தாவோடு அங்கேயே இருந்தாள். இங்கே குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்கு டார்ச்லைட் அளவில் ஒரு கருவி கொடுக்கிறார்கள். கழுத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் கர்ரென்று அதிரும். வாயை அசைத்தால் அந்த அதிர்வே பேச்சாகும். கேட்பதற்கு டப்பாவில் அடைத்த வண்டு மாதிரி இருக்கும். ஆனாலும் தமிழ் புரிந்தது. அவர் ரசம் கேட்டால் துர்கா ரசம் ஊற்றினாள்.

ஆனால் அவர் பெம்பாவில் பேசியது முலெங்காவுக்குப் புரியவில்லை. முதல் தடவை போனில் பேசியபோது கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது மிஷின். அவர் செத்துப்போய்விட்டார், என்னிடம் மறைக்கிறீர்கள்" என்று மகளிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து துக்கம் காக்கிறவளாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சரியாகச் சாப்பிடவும் இல்லை. சந்தா அழுதுகொண்டே எழுதியிருந்தாள்.

"வீடியோவுல மூஞ்சிய காட்டிக்கினு பேசேன் மச்சான்" என்றேன். சொன்ன பிறகுதான் என் புத்திக்கு உறைத்தது. பார்வையில்லாதவளுக்கு எந்த மூஞ்சியைக் காட்டுவது?

அவர் கருவியைக் கழுத்தில் வைத்தார். "நம்ம பாஷை தட்டையா பேசனாலும் நிக்கும் மாப்ள. அவங்களுது நிக்காது. ஒவ்வொரு அசையும் மேலயா கீழயான்னு இருக்குது. வந்தானா, வர்றானா, வரமாட்டானா, எல்லாத்துலயும் அந்த ஏத்த எறக்கமும் பேசும். இந்த கர்ரு சத்தத்துல ஒன்னுமே இல்ல. அவளுக்கு எப்டி நான்னு தெரியும்?"

அந்தக் கருவியில் யாரும் தொடாத இன்னொரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் சுருதி கொஞ்சம் ஏறும். அதைக் கண்டுபிடித்த அன்று மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என் தறியடியில் கிடந்த பழைய அட்டைகளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஓர் அசைக்கு ஒரு கட்டம். துளை என்றால் மேல் பொத்தான், துளை இல்லையென்றால் கீழ்ப் பொத்தான். அட்டையை முன்னால் வைத்து, விரலால் பேசிப் பழகினார். கோயில் மணி சத்தத்தில் சுருதி குழம்புகிறது என்று ஜன்னலைச் சாத்தச் சொல்வார்.

அதிலும் அட்டைக்காரன் புத்தியைக் காட்டினார். ஒரு பூவுக்கு ஒரு முறை அட்டை குத்திவிட்டால் சேலை முழுக்க அதே பூ விழும். அதுபோல ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஓர் அட்டை என்று குத்தி, எல்லா வாக்கியத்திலும் அதையே போட்டார். முலெங்கா கேட்டுவிட்டு, "மிஷின் நாலு வார்த்தை கற்றுக்கொண்டிருக்கிறது" என்றாளாம்.

அந்த மொழியில் வினைக்கென்று ஓர் ஏற்றம் இருக்கலாம். ஆனால் நடந்தது, நடக்கப்போவது, நடக்காதது என்று காலம் மாறும்போது அதன்மேல் வேறொரு ஏற்றம் வந்து உட்காரும். சிலசமயம் கடைசி அசைக்கே போய்விடும். ஒரே வினைக்குப் பூ ஒவ்வொரு தடவையும் இடம் மாறும். இத்தனை வருஷம் அந்த மொழியில் சண்டை போட்டு, கொஞ்சி, குடும்பம் நடத்தியவருக்கு இது தெரியாதா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"வாயில தானா வந்துக்கினு இருந்துது மாப்ள. வெரலுக்குத் தெரியல" என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

சந்தா மெதுவாகப் பேசிப் பதிவு அனுப்ப, அதைக் கேட்டுக் கேட்டு அட்டைகளைப் புதிதாகக் குத்தினார். ஆலையிலிருந்து கிளம்பும்போது தினமும் வீட்டுக்குப் போனில் சொல்வதைத்தான் எடுத்துக்கொண்டார். "வந்துகொண்டிருக்கிறேன். தண்ணீர் காய வை."

பங்குனியில் ஒரு மாலை வீடியோவில் அழைத்தார். நானும் துர்காவும் பக்கத்திலேயே இருந்தோம். விரல் பிசகவில்லை. திரையில் முலெங்கா சட்டென்று தலையை நிமிர்த்தினாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். துர்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்பாடா என்று நான் மூச்சுவிட்டேன்.

அப்போது முலெங்கா ஏதோ கேட்டாள். "நீ ஊருக்குக் கிளம்பிய அன்று நான் என்ன சமைத்தேன்?" என்று கேட்கிறாள் என்றாள் சந்தா.

அவருக்குத் தெரியும். கருவாட்டுக் குழம்பு. என்னிடமே எத்தனையோ தடவை சொல்லிச் சப்புக்கொட்டியிருக்கிறார். ஆனால் அந்தப் பதிலுக்கு அட்டை இல்லை. விரல் இரண்டு பொத்தானுக்கும் நடுவில் தடுமாறியது. கர்ரென்ற சத்தம்தான் வந்தது. முலெங்கா போனைத் தடவிக்கொடுத்துவிட்டு மகளிடம் ஏதோ சொன்னாள். சந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகுதான் அம்மா சொன்னதை எங்களுக்குச் சொன்னாள்.

"சாவதற்கு முன்னால் எனக்காகப் பேசிப் பதிவு செய்து வைத்திருக்கிறார். நல்ல மனுஷன். நாளைக்கும் போட்டுக் காட்டு."

மறுநாள் கருவாட்டுக் குழம்புக்கும் அட்டை குத்தி, தப்பில்லாமல் சொன்னார். "பார், இதைக்கூட மறக்காமல் சொல்லிவைத்திருக்கிறார்" என்றாள் முலெங்கா.

நேரில் போய் நிற்கலாம்தான். நுரையீரலிலும் நிழல் தெரிகிறது, பயணம் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அது சந்தாவுக்கும் தெரியும்.

தினமும் மாலையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மச்சான் அழைக்கிறார். வந்துகொண்டிருக்கிறேன், தண்ணீர் காய வை என்கிறார். முலெங்கா இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறாளாம். அவர் பேசி முடிக்கும்வரை போனைக் காதோடு வைத்துக்கொண்டிருக்கிறாள். அதன்பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் மகளிடம் கொடுத்துவிடுகிறாள்.