ஐஸ் குச்சியில் ஒரு பெயர்

யாரையும் நம்பவைக்க இதை எழுதவில்லை. அந்த ஐஸ் குச்சி இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. எனக்கு அது போதும்.

போன வருடம் ஜனவரி 19 அன்று என் மனைவி ஹெலன் இறந்துபோனாள். சிங்கப்பெருமாள் கோயிலில் நாங்கள் இருபத்தாறு வருடம் வாழ்ந்த வீட்டில் அதற்குப் பிறகு என்னால் இருக்க முடியவில்லை. அதை விற்றுவிட்டு, ஜூன் மாதம் புதுப்பட்டினத்தில் இந்தச் சின்ன வீட்டை வாங்கினேன். ஆனால் அவளை அங்கேயே தனியாக விட்டுவிட்டு வந்ததுபோல் ஓர் உறுத்தல். அது மட்டும் போகவே இல்லை.

வீட்டை விற்ற ஷாரோன், ஏப்ரலில் இறந்த தன் அம்மா சந்திரம்மா வளர்த்த செடிகளைக் காட்டினாள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஐஸ் குச்சி. அதில் பென்சிலில் எழுதியிருந்தது செடியின் பெயரல்ல, ஆளின் பெயர்.

"யாரு கன்னு குடுத்தாங்களோ அவங்க பேர்தான் அங்கிள் செடிக்கும். அம்மா பழக்கம்."

கேட் ஓரத்துப் புதருக்கு மட்டும் குச்சி இல்லை. இடுப்பளவு உயரம். கொத்துக் கொத்தாக வெளிறிய ஊதாப் பூ. போனில் மூன்று முறை படம் எடுத்துத் தேடினேன். மூன்று பெயர் வந்தது. ஒன்றும் ஒத்துப்போகவில்லை.

பக்கத்து வீட்டு உலகநாதன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா செடின்னு தெர்ல சார். என் ஆட்டுக்கே தெர்ல. மோந்து பாத்துட்டு ஓடிப்போய்ட்ச்சி."

பூவில் மணமே இல்லை. இலையைக் கசக்கிப் பார்த்தேன். தலைவலித் தைல வாசனை. கடைசி மாதங்களில் ஹெலன் தடவிக்கொண்டிருந்தது…

அன்று மாலை 6.10. கேட் தாழ்ப்பாள், 'ணங்'. போய்ப் பார்த்தேன். யாருமில்லை. கடல் காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளும் 6.10. 'ணங்'. காற்றே இல்லை. புதர் மட்டும் அசைந்தது.

மூன்றாம் நாள் 6.10. சத்தம் கேட்கவில்லை. வெளியே வந்தேன்.

கேட் திறந்திருந்தது.

புதரடியில் மண் கிளறியிருந்தது. ஒரு குச்சியின் நுனி. இழுத்துத் துடைத்தேன்.

ஹெலன்.

ஊரில் எத்தனையோ ஹெலன்கள்… அங்கேயே நின்று ஷாரோனுக்கு போன் போட்டேன்.

"அதுவா அங்கிள்? ஒருநாள் சாயங்காலம் யாரோ ஒரு அம்மா வந்து கிளை குடுத்தாங்களாம். நான் பாக்கல. அம்மா அத நட்டப்போ போட்டோ எடுத்தேன். இருங்க… பிப்ரவரி ஒம்பது."

ஹெலன் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

"உள்ள வாங்கன்னு அம்மா எவ்ளோவோ கூப்ட்டாங்களாம். வரலியாம்."

"ஏம்மா?"

"'இப்ப வேணாம். எங்க வூட்டுக்காரரு இங்க குடிவந்தப்புறம் வர்றேன்'னாங்களாம். இன்னா பேச்சு இதுன்னு அம்மா சிரிச்சாங்க."

போனை வைத்தேன்.

எனக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து… தைல வாசனை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

உள்பக்கமாக.