ஒரு நாள் முந்திய தீபாவளி

எழுபதுகளில் டெல்லிக்குக் குடிபோன முதல் வருஷம், கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில், காக்கைகள் கொத்திக் கீழே தள்ளிய ஒரு சின்ன ஆந்தையை எடுத்துவந்து குளியலறையில் வைத்துக்கொண்டேன். இறக்கையில் காயம். முட்டைகூட நுழையாத வீட்டுக்குத் தினமும் கறி வாங்கி வந்தேன். நாக்கைச் சொடுக்கினால் கையிலேயே வந்து தின்னும்.

"ஆந்தைய வச்சுக்கிட்டு வீடு உருப்படுமா?" என்று என் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளோ, லட்சுமியின் வாகனம் என்று கும்பிட்டுவிட்டுப் போவாள். இரண்டு பேர்மேலும் எனக்கு எரிச்சல்தான். அது பாட்டுக்கு அது ஒரு பறவை.

தீபாவளி நெருங்கும்போது ஒருவன் கூண்டோடு வந்து அதை விலைக்குக் கேட்டான். தீபாவளிப் பூஜையில் ஆந்தையைப் பலி கொடுத்தால் பணம் கொட்டும் என்று நம்புகிறவர்கள் அங்கே உண்டு. திட்டி விரட்டினேன். ஆனாலும் அவன் மறுபடி வருவான் என்றே தோன்றியது. ஆபீஸில் ஃபைலைப் பிரித்தால் எழுத்து மண்டையில் ஏறாது; கதவைப் பூட்டினேனா என்றே நினைப்பு. இறக்கை ஆறிவிட்டது; பண்டிகை முடியட்டும், பறக்கவிட்டுவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், வெடி போட்டோம், இட்லி சாப்பிட்டோம். தீபாவளி முடிந்தது. அப்பாடா என்று குளியலறை ஜன்னலைத் திறந்தேன். ஆந்தை எதிர் வேப்பமரத்தில் போய் உட்கார்ந்தது.

பட்சணம் கொடுக்கப் போனால், பஞ்சாபி அம்மாள் சிரிக்கிறாள். "அரே, தீவாளி தோ கல் ஹை!" நாளைக்குத்தானாம். நாங்கள் அமாவாசைக்கு முந்திய விடியலிலேயே முடித்துவிடுகிற பண்டிகையை, அவர்கள் அமாவாசை மாலையில்தான் தொடங்குவார்கள். யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்று முழுக்க நாக்கைச் சொடுக்கிப் பார்த்தேன். அது கிளையைவிட்டு இறங்கவில்லை.

மறுநாள் காலை மரத்தடியில் அதே ஆள். குச்சி நுனியில் கறித்துண்டு. ஆந்தை தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒரு கிளை கீழே இறங்கியது. கறி நீட்டுகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று அதற்குப் பழக்கிவிட்டவள் நான்தான்.

"ஏங்க, மிச்ச சரவெடிய எடுத்துட்டு வாங்க, சீக்கிரம்!"

ஆந்தை என்றாலே முகம் சுளிக்கும் மனிதர், வத்திப்பெட்டியோடு ஓடிவந்து மரத்தடியிலேயே பற்றவைத்தார். காது கிழிந்தது. புகைக்குள்ளிருந்து அது விருட்டென்று எழும்பி, கூரைகளுக்கு மேலே போய் மறைந்தது. அந்த ஆள் இந்தியில் எங்களை வைதுகொண்டே போனான்.

"திரும்பி வராதுல்ல?" என்று கேட்டேன்.

"இந்தச் சத்தத்துக்கா? இனிமே நம்ம வீட்டுப் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்காது."

அதுதானே எனக்கு வேண்டியிருந்தது. மரத்தடியிலேயே நின்று அழுதேன்.