செதில் மல்லிகை

எங்கள் வீட்டில் மீன் செதில் கோழிக்கும் காகத்துக்கும் உரியது. என் கணவர் முல்லைத்தீவுக் கரையில் கடலுக்குப் போகிறவர். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து எத்தனை சட்டி செதிலைக் கொட்டியிருப்பேனோ தெரியாது. அதைக் காதில் மாட்டலாம் என்று கொழும்பிலிருந்து கைவினைப் பயிற்சி தர வந்த ஒரு அம்மா சொன்னபோது, பொதுமண்டபத்தில் இருந்த நாங்கள் மரியாதைக்காகத்தான் சிரிக்காமல் இருந்தோம்.

“உங்களைச் சுத்தி என்ன இருக்கோ, அதில இருந்து டிசைனை எடுங்கோ” என்றார் அவர். நான் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு மீனைச் செய்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “பூ செய்தால் நல்லாயிருக்கும்” என்றார். மீனை மீன் என்று தெரியாமல் செய்வதுதான் டிசைன் என்று அன்று எனக்கு விளங்கியது.

கொடுவா மீனின் பெரிய செதில்களை உப்புத் தண்ணீரிலும் தேசிக்காய்ப் புளியிலும் ஊறவைத்து, மணம் போகும்வரை கழுவி, நிழலில் உலர்த்துவேன். காய்ந்தால் சுருளும் என்பதால், மகளின் தடித்த விஞ்ஞானப் புத்தகத்துக்குள் வைத்து அழுத்துவேன். அவளுடைய படிப்பைவிட அந்தப் புத்தகம் என் வேலைக்குத்தான் அதிகம் உதவியது. பிறகு சின்னக் கத்தரிக்கோலால் இதழ் வெட்டி, சூடாக்கிய ஊசியால் துளையிட்டு, சின்ன இதழ் உள்ளேயும் பெரியது வெளியேயுமாக மெல்லிய கம்பியில் கோப்பேன். இரண்டு காதுக்கும் ஒரே அளவில் இதழ் தேடவே அரைநாள் போய்விடும்.

“மீனையும் வித்து, செதிலையும் விக்கப்போறாய். குடலை மட்டும் ஏன் விட்டுவைச்சனி?” என்றார் கணவர்.

முள்ளியவளையில் ஒரு கண்காட்சியில் மேசை போட்டேன். ஆசையாக ஒரு தோட்டை எடுத்த பெண், செதில் என்று நான் சொன்னதும் கீழே வைத்துவிட்டு விரலை மணந்து பார்த்தாள். அவளுடைய மற்றக் கையில் தொங்கிய பையில் மீன் இருந்தது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் சொல்வோம் என்று இருந்தேன். அப்படித்தான் அந்த ஊர்ப் பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் வெள்ளை மல்லிகைத் தோடு ஒரு சோடியை வாங்கிப் போனார். நெற்றி நிறையத் திருநீறு. அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கதிரையைத் துடைத்துப் போட்டேன். அவர் கைப்பையிலிருந்து தோட்டை எடுத்தார்.

“பிள்ளை, இது என்னத்தில செய்தது? இதைப் போட்டால் எங்கட பூனை தோளில பாயுது.”

“கொடுவாச் செதில், ரீச்சர்.”

அவருடைய முகம் வெளுத்துவிட்டது. “நான் பிறந்ததில இருந்து சைவம். இதைப் போட்டுக்கொண்டு அம்மனுக்கு முன்னால நிண்டனான்.”

“நீங்கள் கேக்கேல்லை எண்டு நான் சொல்லாமல் விட்டிட்டன். என்ர பிழைதான். திருப்பித் தாங்கோ.”

அவர் தரவில்லை. தோட்டை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தபோது கேட்டார்: “கோயில்ல ஊதுற சங்கு எங்க இருந்து வருது?”

“கடலில, ரீச்சர்.”

“முத்து?”

“அதுவும் அங்கதான்.”

“அப்ப என்ன?” என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லி முடித்தார். “இன்னொருக்காத் தேசிக்காய் போட்டு நல்லாக் கழுவித் தாரும். பூனைக்கு இந்த நியாயம் விளங்காது.”

கழுவிக் கொடுத்தேன். அடுத்த மாதம் தன்னோடு படிப்பிக்கிற மூன்று பேரைக் கூட்டிவந்தார். இது என்ன என்று அவர்கள் என்னிடம் கேட்க, நான் வாய் திறப்பதற்குள் அவரே, “கடல் இதழ்” என்றார். மூவரும் ஆளுக்கொரு சோடி எடுத்தார்கள்.

இப்போது என் மேசையில் அந்தப் பெயரை எழுதி, கீழே ‘மீன் செதில்’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன். கீழ் வரியை அதிகம் பேர் வாசிப்பதில்லை.