நான் கிழித்தெறிந்த தாள்

ஆண்டவருடைய பிள்ளைகள் அனைவருக்கும் கிரெய்கிபர்னில் இருந்து செல்வராணியின் அன்பு. என்னை உயிரோடு இருத்தி இதை எழுத வைத்தவருக்கு முதல் நன்றி.

இரண்டு வருடங்களுக்கு முன், ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை. வைத்தியர் தன் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அதில் அமர்ந்தார். கதிரையை இழுத்துப் போடுகிற வைத்தியர் நல்ல செய்தி சொல்லமாட்டார். எனக்கு இரத்தப் புற்றுநோய். மருந்து சில மாதங்களுக்குத் தாக்குப்பிடிக்கும், அதற்குள் எலும்பு மச்சை பொருந்துகிற ஒருவர் வேண்டும் என்றார். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். "நாலு பேர்" என்று நிமிர்ந்திருந்து சொன்னேன். அந்த நாலு பேரில் ஒருவனை நானே தொலைத்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். சண்டைக் காலத்தில் நாங்கள் ஐந்து பேரும் திசைக்கொருவராகப் போனபோது அப்பா ஒரு ஒழுங்கு வைத்தார். ஒரு பெரிய கடித உறை. அதற்குள் ஐந்து பேருடைய தாள்கள். யாழ்ப்பாணத்தில் பெரியண்ணா எழுதி நோர்வேயில் இருக்கும் சின்னண்ணாவுக்கு அனுப்புவார். அங்கிருந்து கனடாவில் தம்பி ஜெயத்துக்கு, பிறகு எனக்கு, என்னிடமிருந்து சிட்னியில் தங்கச்சி மலருக்கு, திரும்ப யாழ்ப்பாணம். உறை கைக்கு வந்தால் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, போன சுற்றில் எழுதிய உன் தாளை எடு, புதுத்தாளை வை, அனுப்பு. மற்றவனுடைய தாளில் கை வைக்காதே. இவ்வளவுதான் சட்டம். வட்ஸ்அப் வந்த பிறகும் நாங்கள் இதை விடவில்லை. ஊரெல்லாம் படம் அனுப்பும்போது நாங்கள் கடிதம் அனுப்புகிறவர்கள் என்று எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

அப்பா காலமானபோது என்னால் போக முடியவில்லை. வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். கெஞ்சிக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். சூமில் நின்று அப்பாவுக்குப் பிடித்த பாட்டைப் பாடினேன். அதற்குப் பிறகு வந்த உறையில் ஜெயம் எழுதியிருந்தான்: "அப்பாவின்ர பெட்டி தூக்க நான் கனடாவில இருந்து வந்தனான். அக்கா சூமில பாட்டுப் படிச்சவ."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. சுட்டால்தானே வலிக்கும்? உண்மை சுட்டது. அந்தத் தாளை நாலாகக் கிழித்து மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மற்றத் தாள்களை மலருக்கு அனுப்பிவிட்டேன். ஜெயம் இந்த முறை எழுதவில்லை என்று ஒரு வரியும் சேர்த்தேன். கிழித்த தாளின் அடியில் மேற்குப் பக்கம் வேலைக்குப் போகிறேன் என்று எழுதி, புது விலாசமும் புதுத் தொலைபேசி இலக்கமும் போட்டிருந்தான். ஆத்திரத்தில் கண்ணில் மட்டும் பட்டது, மனதில் நிற்கவில்லை.

அடுத்த சுற்றில் உறை அவனுடைய பழைய விலாசத்துக்குப் போய், ஆளில்லை என்று நோர்வேக்கே திரும்பியது. விலாசம்கூடச் சொல்லாமல் போய்விட்டானே என்று அண்ணன்மார் கோபித்தார்கள். நானும் சேர்ந்து கோபித்தேன். அதுதான் கேவலம். அவனோ ரோஷக்காரன், பேஸ்புக் பக்கமே போகாதவன். சுற்று நின்றது. மூன்று வருடங்கள் ஒரு சத்தமும் இல்லை.

இப்போது வைத்தியர் கேட்டாரே, அந்த நாலு பேர். மலருக்குப் பொருந்தவில்லை. அண்ணன்மார் இருவருக்கும் பொருந்தவில்லை. மச்சை தருவோரின் உலகப் பதிவுகளில் தேடினார்கள், எங்கள் ஆட்கள் அதில் குறைவாம். மிச்சம் ஜெயம் ஒருவன்தான்.

ஜெபித்தேன். உபவாசம் இருந்து ஜெபித்தேன். என்ன ஜெபம் தெரியுமா? "ஆண்டவரே, நான் செய்தது ஒருவருக்கும் தெரியவராமல் தம்பியைக் கண்டுபிடித்துத் தாரும்." வானத்தையும் பூமியையும் படைத்தவருக்கே நான் நிபந்தனை போட்டேன். பரலோகம் கம்மென்று இருந்தது. என் தலைமுடிதான் கொட்டியது.

என் மகள் ரூத் கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறாள். முற்காலத்தில் அமெரிக்காவில் மாட்டுவண்டி கட்டி மேற்கே குடியேறப் போன சனங்களின் கடிதங்கள்தான் அவளுடைய ஆராய்ச்சி. இந்தப் பிள்ளை ஏன் இதைப் படிக்கிறாள், நாலு பேரைப்போல கணக்கியல் படிக்கக்கூடாதா என்று நான் புறுபுறுத்தது ஆண்டவருக்குத் தெரியும். ஒரு நாள் பின்னேரம் குசினியில் எனக்குக் கஞ்சி வார்த்துத் தந்துவிட்டு நின்றவள், தான் படியெடுக்கும் கடிதமொன்றின் படத்தைக் காட்டினாள். நேராக எழுதி முடித்து, தாளைத் திருப்பி, அந்த எழுத்துக்கு மேலேயே குறுக்காகவும் எழுதியிருந்தது.

"ஏன் பிள்ளை இப்பிடி?"

"பேப்பர் கிடையாது அம்மா. ஒரு லெட்டர் போய்ச் சேர மாதக்கணக்கு. ஸோ, ஒரு தாளையும் எறியமாட்டினம்."

ஒரு தாளையும் எறியமாட்டார்கள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு அழுதேன். கணவருக்குக்கூடச் சொல்லாததை மகளிடம் சொன்னேன்.

"அம்மா, நீங்களா?" என்றாள். பிறகு, "ஓகே. மேற்கே போன அந்தச் சனங்கள் ஆளைத் தொலைச்சா என்ன செய்தவை தெரியுமா? அந்தப் பக்கம் போற ஆரிட்டையும் கடிதத்தைக் குடுத்துவிடுவினம். சர்ச்சில எல்லாருக்கும் கேக்க வாசிப்பினம். நாங்களும் செய்வம்."

"எல்லாருக்கும் கேக்கவோ?"

"ஓம். முழுக்க எழுதுங்கோ. கிழிச்சதையும்."

என் ஜெபத்துக்கு ஆண்டவர் தந்த பதில் அதுதான். எது தெரியவரக்கூடாது என்று கேட்டேனோ, அதையே உரத்து வாசி என்றார். இரண்டு நாட்கள் அவரோடு மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் எழுதினேன். "ஜெயம், உன் தாளைக் கிழித்தது அக்கா. நீ எழுதியது உண்மை. எனக்கு இரத்தப் புற்றுநோய், வருத்தம் கடுமை; மச்சை தர நீ ஒருவன்தான் மிச்சம். நீ வராவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் உன்னைத் தள்ளவில்லை என்று மட்டும் தெரிந்துகொள்."

முதலில் அண்ணன்மாருக்கும் மலருக்கும் தொலைபேசியில் வாசித்தேன். பெரியண்ணா டக்கென்று தொலைபேசியை வைத்துவிட்டார். மறுநாள் அவரே எடுத்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு நம் சபையில் வாசித்தேன். முன்வரிசையில் இருந்த அன்ரிமாரின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் ஆராதனை முடிந்ததும், ரொறன்ரோவுக்குக் கலியாணத்துக்குப் போகவிருந்த மலேசியத் தமிழ்த் தாதி ஒருத்தி ஓடிவந்து, "குடுங்க அக்கா, நான் கொண்டு போறேன்" என்று வாங்கினாள். போகும்போது கடிதத்தின் பின்புறத்தில் தன் பெயரையும் ஊரையும் எழுதினாள்.

அவள் ரொறன்ரோவில் ஒரு போதகரிடம் கொடுத்தாள். அவர் சபையில் வாசித்து, வின்னிபெக் போகும் குடும்பத்திடம் கொடுத்தார். அவர்கள் வாசித்துவிட்டு கல்கரிக்குப் போகும் ஒரு மாணவியிடம் கொடுத்தார்கள். அங்கேயும் சபையில் வாசித்தார்கள், ஜெயம் அங்கே இல்லை. அப்பா போன பிறகு அவன் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மாணவி கெட்டிக்காரி. தமிழன் ஜெபிக்காமல் இருந்தாலும் தோசை தின்னாமல் இருப்பானா என்று, கடிதத்தை ஒரு தோசைக் கடையில் கொடுத்தாளாம். கடைக்காரர் முருக பக்தர். கல்லாவுக்கு மேலே முருகன் படத்துக்குக் கீழே அதை ஒட்டிவிட்டு, சாப்பிட வந்த தமிழர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாராம். ஜெபக்கூட்டங்களில் "அவர்கள்", "நாங்கள்" என்று பிரித்துப் பேசும் என் வாயை ஆண்டவர் எப்படி அடைத்தார் பாருங்கள். லொறி ஓட்டுகிற என் தம்பி ஒரு மத்தியானம் அந்தக் கடைக்குள் பசியோடு போனான்.

சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது.

"அக்கா."

ஜெயத்தின் குரல்.

"நீ கிழிச்சனி எண்டு எனக்குத் தெரியாதடி. விலாசம் குடுத்தும் ஒருத்தரும் எழுதேல்லை. எல்லாருமாச் சேர்ந்து என்னைக் கழிச்சுப்போட்டியள் எண்டுதான் மூண்டு வருசமா நினைச்சனான்."

"மன்னிச்சுக்கொள்ளடா."

"மச்சையோ கிச்சையோ, வேணுமெண்டதை எடு. ஆனா சைவக்காரி மாதிரிச் சமைக்காத. எனக்கு நண்டு வேணும்."

பரிசோதனையில் முழுப் பொருத்தம். வைத்தியர் மறுபடியும் கதிரையை இழுத்துப் போட்டார். நான் பயந்துபோனேன். அவர் சிரித்தார்.

ஜெயம் வந்தான், தந்தான், நண்டும் தின்றான். நான் பிழைத்து, கடந்த ஈஸ்டரோடு ஒரு வருடம் ஆகிவிட்டது. என் உடம்பில் இப்போது ஓடுவது என் தம்பியின் இரத்தம். முன்பு எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பெருமை பேசினேன், உள்ளே புழு இருந்தது. இப்போதும் பேசுகிறேன், கூச்சமில்லாமல் பேசுகிறேன். என் தம்பியைப் பற்றி, என் மகளையும் அவளுடைய பழைய கடிதங்களையும் பற்றி, முகம் தெரியாத எனக்காகக் கடிதம் சுமந்தவர்களைப் பற்றி. எல்லாவற்றுக்கும் மேலாக, என் நிபந்தனையைக் கேட்காமல் ஜெபத்தை மட்டும் கேட்ட என் தேவனைப் பற்றி.

அன்பானவர்களே, நீங்களும் ஏதாவது ஒரு தாளை ஒளித்துவைத்துக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தால், அதை முதலில் வெளியே எடுங்கள். நம்பி எடுங்கள். வெட்கம் ஒரு கிழமைதான் இருக்கும்.

உறை மறுபடி சுற்றத் தொடங்கிவிட்டது. போன மாதம் என் கைக்கு வந்தபோது, ஜெயம் என் கடிதத்தையும் அதற்குள் வைத்திருந்தான். பின்புறம் முழுக்கப் பெயர்கள், கடைசியில் தோசைக் கடைக்காரரின் கையெழுத்து. சட்டப்படி என் பழைய தாளை நான் எடுக்கவேண்டும். எடுக்கவில்லை. அது சுற்றட்டும் என்று மலருக்கு அனுப்பிவிட்டேன். ஏனென்றால் அதன் ஓரத்தில், இருந்த கொஞ்ச இடத்தில், குறுக்காக என் தம்பி எழுதியிருந்தான்: "அக்கா, அண்டைக்கு நீ நல்லாத்தான் பாடினனி."