எல்லா வழிக்கும் மேடம் வைத்திருந்த பெயர்

சென்ற மாதம் பினாங்கில், செபராங் ஜெயாவில், காது டாக்டர் ஒருவர் பிளாஸ்டிக்கில் செய்த பெரிய காதை என் முன்னால் வைத்து, அதன் துளைக்குள் பேனாவை விட்டுக் காட்டினார். இத்தனை வருஷமாக வயரிங் வேலைக்கு நான் சுவரைத் துளைத்த சத்தமெல்லாம் இந்த வழியாகத்தான் உள்ளே போய்க் காதைக் கெடுத்திருக்கிறது என்றார். "இதுக்கு பிரெஞ்சுல கோந்துயின்னு பேரு டாக்டர்" என்றேன். அவர் பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். சுங்கை பாக்காப் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று பத்து காவான் தொழிற்பேட்டையில் மூன்று தொழிற்சாலைகளுக்கு வயரிங் செய்தது என் கம்பெனிதான், போய்க் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் டாக்டருக்குத் தெரியாத ஒரு சொல் எனக்குத் தெரிந்திருந்ததில் வந்த சந்தோஷம் தனி.

அந்தச் சொல் மேடத்தினுடையது. பிரான்சிலிருந்து வந்து பினாங்கில் பழைய கட்டடங்களைப் புதுப்பித்துக் கொடுத்தவர். எலும்பும் தோலுமான உடம்பு, காதில் பென்சில், பேசுவது பாதி மலாய். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய ரொட்டிக்கடையை அவர் எடுத்துச் செய்தபோது வயரிங் வேலை எனக்குக் கிடைத்தது. நான் சொந்தமாக எடுத்த முதல் பெரிய வேலை அது. வயர் போகிற குழாயை அவர் கோந்துயி என்றார். வயரிங்காரர்கள் நாங்களும் அதைக் கிட்டத்தட்ட அப்படித்தான், கண்டுயிட் என்று சொல்வோம், ஆச்சரியமில்லை. மறுநாள் மழைத்தண்ணீர் இறங்குகிற குழாயைக் காட்டி அதையே சொன்னார். காற்று வருகிற துவாரமும் அதுதான், அடுப்புக்கு மேலே கூரையைத் தாண்டிப் போகிற புகைபோக்கியும் அதுதான். சிமெண்டுத் தூசி விழுந்து கண்ணீர் வந்தபோது கண் ஓரத்தைத் தொட்டு, இங்கேயும் ஒன்று இருக்கிறது என்று சிரித்தார். பாவம், இவர்கள் பாஷையில் சொல்லுக்குப் பஞ்சம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நம்மிடம் குழாய், மடை, தூம்பு, வாய்க்கால் என்று எத்தனை இருக்கிறது. அதை அவரிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வழி எப்படி இருந்தால் என்ன, ஒவ்வொன்றிலும் போகிறவர் ஒருவர் உண்டு, அவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும் என்றார். படித்தவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்ததற்குச் சொல் மேல் பழி போட முடியாது. புகைபோக்கி எதற்கு என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஜார்ஜ்டவுனில் பழைய வீட்டைப் புதுப்பிப்பது என்றால் பாதி காட்சிக்குத்தான். கிணற்றைத் துடைத்து மேலே கண்ணாடி போடுவார்கள், யாரும் தண்ணீர் மொள்வதில்லை. இந்தக் காலத்தில் எவன் விறகு வைத்து ரொட்டி சுடப் போகிறான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மேடமும் சுவரில் வயர் வெளியே தெரியக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவர் ஒரு வாரம் கோலாலம்பூர் போயிருந்த சமயம், மாடிக்கு ஏறும் வயர் அத்தனையையும் புகைபோக்கிக்குள் இறக்கினேன். குழாய் ஆடாமல் இருக்கக் கீழே சாக்கைச் சுருட்டி அடைத்தேன். அந்த யோசனை என்னுடையதேதான். கூட வேலை செய்த என் மச்சான் அன்றைக்கு என்னை எஞ்சினியர் என்றே கூப்பிட்டான்.

திறப்பு நாள் காலையில்தான் ரொட்டிக்கடை முதலாளி, எல்லோருக்கும் தவுக்கே, லாரியில் விறகு கொண்டுவந்து இறக்கினார். எழுபது வயது சீனர். அப்பா சுட்ட அடுப்பிலேயே மறுபடியும் சுடப் போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அடுப்பு பற்றினால் வயர் உருகும். மேலே மாடி முழுக்கப் பழைய மரம். அவர் முதலில் அடுப்புச் சாமிக்கு மூன்று ஊதுபத்தி ஏற்றி அடுப்பு வாயில் வைத்தார். புகை உள்ளே போகாமல் திரும்பி அவர் முகத்துக்கே வந்தது. சாமிக்குப் பிடிக்கவில்லையோ என்று அவர் வாடிப்போனார். அடுப்பு பல வருஷம் சும்மா கிடந்தது, ஈரமாக இருக்கும், விறகு வைத்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள்.

மச்சான் என் சட்டையைப் பிடித்தான். "வாய மூடிக்கிட்டு இருலா. அவுங்களே ஈரம்னு சொல்றாங்க. இன்னைக்கு நீ வாயத் தொறந்தா பினாங்குல எவனும் நமக்கு வேலை கொடுக்க மாட்டான்."

அவன் சொன்னது பொய்யில்லை. தவுக்கே விறகை அடுக்க ஆரம்பித்தார். நான் மேடத்திடம் போய், அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம், புகைபோக்கியில் என் வயர் இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்த வழி யாருக்கு என்று மட்டும் கேட்டார். புகைக்கு என்றேன். திறப்பைப் பத்து நாள் தள்ளிவைத்தார். வயரைப் புகைபோக்கியிலிருந்து உருவி, பத்து நாளும் சுவரைக் கொத்திப் பதித்தேன். மச்சான் வரவில்லை, அதற்குப் பிறகு அவன் என்னோடு வேலைக்கே வரவில்லை. பதினோராம் நாள் தவுக்கேயின் ஊதுபத்திப் புகை அடுப்பு வாயில் கொஞ்சம் தயங்கிவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தது. மேடம் ஒரு விறகை எடுத்து என் கையில் கொடுத்தார். அடுத்த இரண்டு வேலையையும் எனக்கேதான் கொடுத்தார். என் திறமை அப்படி.

மேடம் ஊருக்குப் போய்விட்டார். தவுக்கேயும் காலமாகிவிட்டார். நான் அன்று நினைத்ததுதான் கடைசியில் நடந்தது. கடை காப்பிக் கடையாகிவிட்டது, அடுப்பின் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள், எவனும் ரொட்டி சுடுவதில்லை. போன வாரம் அதை நடத்துகிற தமிழ்ப் பையன் என்னைக் கூப்பிட்டான். மாடிக்கு ஏர்கான் வைக்க வேண்டும், வயரைப் புகைபோக்கி வழியாக இறக்கினால் அரை நாள் வேலை என்றான்.

"அதுல வேணாம் தம்பி. சுவரைக் கொத்தித்தான் போடணும்" என்றேன்.

"புகையே இல்லையேண்ணே, அது சும்மாதானே கெடக்குது?"

"சும்மா கெடக்கட்டும்."

அவன் இந்நேரம் வேறு ஆளை வைத்து வேலையை முடித்திருப்பான். அந்தத் தெரு வழியாகத்தான் தினமும் காரில் போகிறேன். வயர் எந்த வழியாகப் போனது என்று நிறுத்திக் கேட்கவில்லை.