ஆரோக்கியம் அண்ணன் பூசிய துரு

கீழ்வரிசை ஜன்னல்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விடுதிக்கார மதாம் செல்போனும் கையுமாக வராண்டாவுக்கு வந்தார்.

"பெயிண்டர் ஆரோக்கியம் போயிட்டாராம் அஞ்சல. மழைக்கு முன்னாடி மாடி ஜன்னலைப் பூசச் சொல்லலாம்னு போன் போட்டேன், மகன் எடுத்துச் சொல்றார்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாவுச் செய்தியை நின்றபடி கேட்கிற வயது இல்லை எனக்கு. மதாம் மேலும் சொன்னார்: "நல்ல கை. ஒரே ஒரு தடவைதான் தப்புச்சு."

அந்த ஒரு தடவைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் எத்தனையோ ஜன்னல் கதவுகள் அவர் கை பட்டவை. சாதா மரத்தில் தேக்கு ரேகை ஓடவிடுவார். நேற்றுக் கடையில் வாங்கிய கீலும் கொக்கியும் தாத்தா காலத்திலிருந்து உப்புக்காற்றில் கிடந்தவை போல ஆகிவிடும். வெளியூரிலிருந்து தங்க வருகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது. "புதுச ஏண்ணே பாழாக்குற?" என்று கேட்பேன். "பாழாக்குறது கடலு. நான் பாழாப்போன மாதிரி காட்டுறேன். தொட்டுப் பாரு" என்பார். தொட்டால் விரலில் ஒன்றும் ஒட்டாது.

மதாமின் விடுதியில் கூட்டித் துடைப்பது என் வேலை. ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனவள்தான். ஆனால் என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை, சொல்ல விட்டதுமில்லை. மில் மூடிய பிறகு வீட்டில் சும்மா கிடந்த எங்கள் வீட்டுக்காரருக்கு மதாமிடம் கேட்டுக் கேட்டுத்தான் அங்கே வாட்ச்மேன் வேலை வாங்கினேன். சேர்ந்த புதிதில், அங்கே கீல்களுக்குத் துருப் பூசிக்கொண்டிருந்த அண்ணன் மத்தியானம் சாப்பிடப் போன நேரத்தில், மனுஷன் மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் எடுத்து முன்பக்கத்துக் கீல் அத்தனையையும் தேய்த்துவிட்டார். மில் கை, துருவைக் கண்டால் சும்மா இருக்காது.

"பாரு அஞ்சல, எப்படிப் பளபளன்னு ஆக்கிட்டேன்!"

அண்ணன் வந்தார், பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், இதுக்காக ஒரு வாரமா முதுகு ஒடிஞ்சேன்யா!" அதற்குள் மதாம் வந்து இறங்கினார். "யார் இப்படிப் பண்ணது?" எங்கள் வீட்டுக்காரர் கையிலோ உப்புத்தாள். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"நான்தான் தேய்க்கச் சொன்னேன் மதாம்" என்றார் அண்ணன். "கலவை தப்பிடுச்சு. திரும்பப் பூசித் தர்றேன்."

"உங்க கையிலயா தப்புச்சு?"

"ஆமா மதாம்."

செய்கிற வேலையில் ரோஷம் உள்ளவர்களுக்குத்தான் அந்த "ஆமா" எவ்வளவு கனம் என்று தெரியும். மதாம் உள்ளே போனதும் அண்ணன் எங்கள் வீட்டுக்காரரிடம், "நெசத் துருன்னு நம்பித் தேய்ச்ச பாரு, அது போதும்யா எனக்கு. இனிமே துருவப் பார்த்தா கையைக் கட்டிக்கிட்டு நில்லு" என்றார்.

அதன் பிறகு அவர் எப்போது வந்தாலும் மதாம் கேட்பார்: "இந்தத் தடவையாவது கலவை சரியா வருமா ஆரோக்கியம்?" "பார்த்துக்கிறேன் மதாம்" என்பார். எனக்கு வாய் துடிக்கும். "நீ சும்மா இரு தங்கச்சி. அந்த ஆள் வேலையில இருக்கட்டும்" என்று அடக்கிவிடுவார்.

இப்போது எங்கள் வீட்டுக்காரர் முடியாமல் வேலையை விட்டுவிட்டார். அண்ணனும் இல்லை. படியில் உட்கார்ந்தபடியே மதாமிடம் சொன்னேன்: "அவர் கை ஒரு தடவையும் தப்பலீங்க." நடந்ததை எல்லாம் சொன்னேன். மதாம் ஜன்னலுக்குப் போய்க் கீலைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே அஞ்சல."

"சொல்ல விடலீங்க."

அந்தக் கீல்களை இன்றும் காய்ந்த துணியால் துடைக்கிறேன். நேற்று, புதிதாக வந்திருக்கும் வாட்ச்மேன் பக்கத்தில் வந்து நின்றான். "ஒரே துருவா கிடக்கே ஆயா, தேய்ச்சு விடட்டுமா?"

அண்ணனிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பதை அவனுக்குக் கொடுத்தேன்.

"கையைக் கட்டிக்கிட்டு நில்லு."